மணி அடித்தால் விட்டுவிட வேண்டும்

கன்னியர் மடத்தில் சேரப்போகிறேன் என்று சொன்னபோது யாரும் என்னிடம் ஏன் என்று கேட்கவில்லை. யார் என்றுதான் கேட்டார்கள்.

"யாருடீ அவன்?" என்றாள் அக்கா. அத்தான் இன்னும் ஒரு படி மேலே போய், "கல்யாணம் ஆனவனா?" என்றார். நான் வேலை பார்க்கும் லேபை நடத்துகிற டாக்டரம்மா என்னை அறைக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, "வாழ்க்கைல இதெல்லாம் சகஜம்மா" என்று தொடங்கித் தன் பழைய கதையைச் சொல்லி அழவே ஆரம்பித்துவிட்டார். நான்தான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். ஒரு பெண் கடவுளைத் தேடிப் போகிறாள் என்றால் எவனோ அவளைப் பாதி வழியில் இறக்கிவிட்டிருக்க வேண்டும். அதைத் தாண்டி இவர்கள் புத்தி போகாது.

ஒருத்தனும் இல்லை. இருந்தால் சொல்லிவிட்டுப் போகிறேன், எனக்கென்ன பயம்.

நடந்தது இதுதான். காலையில் லேபைத் திறப்பது நான். வெறும் வயிற்றோடு வந்து உட்கார்ந்திருப்பவர்களிடம் ரத்தம் எடுப்பேன். குழாய்களை சென்ட்ரிஃபியூஜில் எதிரெதிராக அடுக்கி மூடியைப் போடுவேன். அது உறுமிக்கொண்டு சுற்றும், பிறகு வேகம் குறைந்து நிற்கும். நின்றதும் ஒரு அமைதி வரும். அந்த அமைதியில் யாரோ என்னைக் கூப்பிட்டார்கள் என்று சொன்னால் அது கதை. யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டு முடித்துவிட்டு என் பதிலுக்குக் காத்துக்கொண்டிருப்பது மாதிரி இருந்தது. போனில் எதிர்முனையில் ஆள் பேசமாட்டார், ஆனால் வைக்கவில்லை என்று நமக்குத் தெரியும் இல்லையா, அந்த மாதிரி. அடுத்த நாளும் இருந்தது. அதற்கடுத்த நாளும். எனக்கு பக்தி பொங்கவில்லை, எரிச்சல்தான் பொங்கியது. என்னிடம் என்ன இருக்கிறது என்று வந்து நிற்கிறீர்? குடும்பத்திலேயே கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இப்போதுதான் மாதச் சம்பளம் என்று ஒன்று எங்கள் வீட்டுக்குள் நுழைந்திருக்கிறது. வேறு யாரையாவது பாருமே.

பார்க்கவில்லை. நின்றுகொண்டே இருந்தார். அவருக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் போனேன். இதை நீங்களாவது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அந்த மடத்தில் வேறு யாருக்கும் இது ஞாபகம் வரவில்லை.

அம்மா மட்டும் யார் என்று கேட்கவில்லை. அம்மா பல வருஷம் ஒரு மடத்து விடுதியில் துணி துவைத்தவள்.

"அவங்க துணி பூரா நான் துவைச்சிருக்கேன்," என்றாள். "அழுக்கெல்லாம் நம்ம அழுக்கு மாதிரியேதான் இருக்கும்."

"நான் துணியப் பார்த்துப் போகலம்மா."

"எழுந்திரிக்க மணி, செபத்துக்கு மணி, சாப்பிட மணி. அவங்க மணிக்கு அவங்ககூட சேர்ந்து நானும் ஓடினேன். துறவறம் அவங்களுக்கு, ஓட்டம் எனக்கு. உன்னப் படிக்க வச்சதே அடுத்தவங்க மணி அடிச்சா ஓடாம இருக்கத்தான்."

"சாமியே கூப்பிட்டா?"

"சாமி கூப்பிட்டா போ. நான் என்ன சாமிக்கு மேலயா?" ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டாள். "போனதும் பின்வாசல் எந்தப் பக்கம் இருக்குன்னு மட்டும் பார்த்து வச்சுக்க."

ஒவ்வொரு சபையிலும் ஆள் சேர்ப்பதற்கென்றே ஒரு சிஸ்டர் இருப்பார். அழைத்தல் சிஸ்டர் என்பார்கள். கூப்பிடுவது கடவுள், முகவரி கொடுப்பது இவர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் அவரைப் பிடித்தேன். பையிலிருந்து வழவழப்பான ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். மலைக்குப் பின்னால் சூரியன், சூரியனுக்கு முன்னால் பல் தெரியச் சிரிக்கும் ஒரு சிஸ்டர்.

"என்னம்மா படிச்சிருக்க?"

"லேப் டெக்னாலஜி, சிஸ்டர். டிகிரி."

அவர் கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம் வந்தது. பரிசுத்த ஆவியானவரே இறங்கிவிட்டார் என்று நினைத்தேன். அவர்கள் நடத்தும் ஆஸ்பத்திரியில் லேப் வேலை பார்த்த பெண் கல்யாணமாகிப் போய்விட்டாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

"வந்து பார்" என்று ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். மடத்தில் ஒரு வாரம் தங்கலாம். நாம் அவர்களைப் பார்க்கலாம், அவர்கள் நம்மைப் பார்ப்பார்கள். முடிவில் மடத்துத் தலைவியான மதர் ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு, உனக்கு அழைத்தல் இருக்கிறது, உனக்கு இல்லை என்று சொல்லிவிடுவார். அந்தத் தடவை நாங்கள் மூன்று பேர். ஒருத்தி ஆசிரியர் பயிற்சி முடித்தவள். பல் துலக்குவதைக்கூட பாடம் எடுப்பது மாதிரியே செய்வாள், அதனால் அவள் டீச்சர். இன்னொருத்தி என் தோள் உயரம்கூட இல்லை. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஒரு தையல் கடையில் பட்டன் வைத்துக்கொண்டிருந்தவள். அவளை எல்லோருமே பொடிசு என்றுதான் கூப்பிட்டார்கள். அவளும் அதற்குத்தான் திரும்பிப் பார்த்தாள்.

"நீ எதுக்கு வந்த?" என்று முதல் நாளே கேட்டேன்.

"பாட்டுக்குக்கா. சிஸ்டருங்க உள்ள பாடறப்ப ஜன்னலுக்கு வெளிய நின்னு கேட்டிருக்கேன். உள்ள நின்னு பாடணும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதானான்னா? தினமும் பாடறாங்கக்கா. காசு வாங்காம, யாரும் கேக்காட்டியும் பாடறாங்க. அவருக்காக மட்டும். எனக்கு அப்படி இருக்கணும்."

சென்ட்ரிஃபியூஜ் கதையை அவளிடம் சொல்லியிருந்தால் அவளுக்குப் புரிந்திருக்கும் என்று தோன்றியது. மற்ற யாரிடமும் அப்படித் தோன்றவில்லை.

வரவேற்பறையில் சோபாவுக்குப் போட்ட பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவே இல்லை. உட்கார்ந்தால் தொடை ஒட்டும், எழுந்தால் சத்தம் வரும். அங்கேதான் மதர் எங்களுக்கு முதல் பாடம் நடத்தினார். மெலிந்த உயரமான ஆள். குரல் உயரவே உயராது. உயர்த்த வேண்டிய அவசியம் அவருக்கு வந்ததே இல்லை போலிருக்கிறது.

"வராந்தால தொங்குதே, அது வெறும் மணி இல்ல," என்றார். "ஆண்டவரோட குரல். அது அடிச்சா கையில இருக்கிறத அப்படியே விட்டுடணும். எழுதிட்டிருந்தா அந்த எழுத்தக்கூட முடிக்கக் கூடாது. பாதி எழுத்துல பேனாவ வச்சுட்டு எழுந்துடணும். நம்ம சபையத் தொடங்கின அன்னை அப்படித்தான் எழுந்தாங்க."

அன்னை பாதியில் விட்ட அந்த எழுத்தை ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். வரிசையில் நிறுத்திக் காட்டினார்கள். ஒரு வளைவு, ஒரு கொம்பு, அவ்வளவுதான். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பொடிசு கையைத் தூக்கினாள். "மதர், பாத்ரூம்ல இருந்தா?"

அழைத்தல் சிஸ்டர் சிரிப்பை இருமலாக்கினார். மதர் சிரிக்கவில்லை. "மனசு எழுந்திரிக்கணும். உடம்பு பின்னால வரும்."

அடுத்து வேலை பிரித்துக் கொடுத்தார்கள். டீச்சருக்குப் பள்ளிக்கூடம். எனக்கு ஆஸ்பத்திரி லேப். பொடிசுக்குச் சமையலறை. இறைவனின் திட்டம் எவ்வளவு சுத்தமாக மார்க் ஷீட்டைப் பார்த்துப் பிரிக்கிறது பாருங்கள்.

"நான் சமையலறைக்குப் போறேன் சிஸ்டர்," என்றேன் அழைத்தல் சிஸ்டரிடம். "லேப்லதான் தினமும் இருக்கேன். அங்க லீவு போட்டுட்டுத்தான் இங்க வந்தேன்."

"உனக்கு எதுக்கும்மா கரியும் புகையும்? ஆண்டவர் கொடுத்த திறமைய வீணாக்கக் கூடாது."

"பொடிசுக்கு?"

"அவளுக்கு ஆண்டவர் கொடுத்தது அது."

ஆண்டவர் எனக்குக் கொடுத்த திறமை, அம்மா இவர்களைப் போன்றவர்களின் துணியைத் துவைத்துக் கொடுத்தது. அதை அப்போது சொல்லவில்லை. அவர் லேப் சாவியை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கி மூடிவிட்டார், ஏதோ பூசையில் நற்கருணை அப்பத்தைக் கொடுப்பது மாதிரி.

லேபுக்குப் போனால் வாசலில் ஏற்கெனவே ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பெஞ்ச் நிரம்பி சுவர் வரைக்கும் கூட்டம். "புது லேப் சிஸ்டர் வர்றாங்கன்னு சொன்னாங்க, நீங்கதானா?" என்றார் ஒரு அம்மாள். நான் சிஸ்டரும் இல்லை, லேப் வேலைக்குப் புதிதும் இல்லை. மைக்ராஸ்கோப்பின் உறையை எடுத்தால் தூசி பறந்தது. இவர்கள் எனக்காகச் செபம் செய்தார்கள் என்பது உண்மைதான். லேபுக்கு ஒரு ஆள் அனுப்பும் என்றுதான் செய்திருக்கிறார்கள்.

இருந்தாலும் சும்மா சொல்லக்கூடாது. காலையில் அவர்கள் சிற்றாலயத்தில் சேர்ந்து பாடியபோது பொடிசு சொன்னதில் தப்பில்லை என்று தெரிந்தது. யாரும் குரலைக் காட்டிப் பாடவில்லை. ஒரு பாத்திரத்தில் தண்ணீர் நிரம்புவது மாதிரி பாட்டு அறையை நிரப்பியது. பாட்டு முடிந்ததும் அந்த அமைதி வந்தது. என் லேபில் வருமே, அதே அமைதி. அவரும் அங்கே இருந்தார். வைக்காத போன் மாதிரி. அவர் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் அன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருப்பேன். இவ்வளவு மோசமான மேனேஜர்களை வைத்துக்கொண்டு இவர் ஏன் இந்த வீட்டிலும் வந்து உட்கார்ந்திருக்கிறார் என்று கோபம் கோபமாக வந்தது.

மறுநாள் ஒரு முதியவரின் கையில் நரம்பு தேடிக்கொண்டிருந்தேன். தோலுக்கடியில் நழுவி நழுவி ஓடுகிற நரம்பு. ஊசி உள்ளே போன நேரம் பார்த்து நடுப்பகல் செபத்துக்கு மணி அடித்தது. அதற்காக ஊசியை அப்படியே குத்தவிட்டு ஓடுவார்களா? ரத்தத்தை எடுத்து முடித்து, பஞ்சை வைத்து, முழங்கையை மடக்கச் சொல்லிவிட்டுத்தான் போனேன். சிற்றாலய வாசலில் பொடிசும் மூச்சிரைக்க நின்றாள். இரண்டு பேருமே தாமதம்.

சாப்பாட்டறையில் மதர் எங்களைப் பார்த்தார். என்னிடம், "நோயாளிய விட்டுட்டு வர முடியாதும்மா. அதுவும் செபம்தான்," என்றார். பிறகு பொடிசின் பக்கம் திரும்பினார். "நீ?"

"பால் பொங்கற நேரம் மதர். அடுப்ப அணைச்சுட்டு ஓடி வந்தேன்."

"மணி அடிச்சப்ப உன் மனசு எங்க இருந்துச்சு?"

பொடிசு யோசித்தாள். பொய் சொல்லத் தெரியாதவள் யோசிக்கும்போது முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. "பால்ல மதர்."

கடைசி மேஜையில் யாரோ சிரித்துவிட்டார்கள். மதர் கரண்டியைக் கீழே வைத்தார். "ஆண்டவர விட பால் பெருசாப் போச்சு."

அந்தச் சபையில் ஒரு வழக்கம். தப்பு செய்தவர் சாப்பாட்டறை நடுவில் முழந்தாளிட்டு ஒவ்வொரு மேஜையாகத் திரும்பி மன்னிப்புக் கேட்க வேண்டும். இன்னும் சபையில் சேராதவர்களுக்கு அது கிடையாது. ஆனாலும் பழகிக்கொள்ளட்டும் என்றார் மதர். பொடிசு முழந்தாளிட்டாள்.

"நானும்தான் மதர் லேட்டு," என்று எழுந்தேன்.

"நீ உட்காரும்மா. உன் விஷயம் வேற."

பொடிசு ஒவ்வொரு மேஜைக்கும் திரும்பித் திரும்பி, "என்னை மன்னிச்சுக்குங்க, என்னை மன்னிச்சுக்குங்க" என்றாள். என் மேஜை வந்தபோது என்னைப் பார்த்து லேசாகக் கண் சிமிட்டினாள். சாப்பாடு எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை என்றெல்லாம் சொல்ல மாட்டேன். இறங்கியது. காலையிலிருந்து ரத்தம் எடுத்தவளுக்குப் பசிக்காதா?

சாயங்காலம் கொடியில் துணி எடுக்கும்போது, "உனக்குக் கோபமே வரலையா?" என்று கேட்டேன்.

"எதுக்குக்கா? தையல் கடைலயும் புதுசுல திட்டினாங்க. கத்துக்கிட்டதும் நிறுத்திட்டாங்க. இனிமே பாருங்க, மணி அடிச்சா பறந்துடறேன்."

"உன்ன முட்டி போட வச்சாங்க. என்ன உட்காரச் சொன்னாங்க. ரெண்டு பேரும் லேட்டுதான்."

"நீங்க ஊசி குத்தறவங்கக்கா. உங்கள முட்டி போட வச்சா, நாளைக்கு அவங்களுக்கு ஊசி குத்தறப்ப நீங்க சும்மா இருப்பீங்களா?"

சொல்லிவிட்டு அவளே கொடிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இந்தப் பெண்ணுக்கு மானம், ரோஷம் எதுவும் இல்லை என்று நினைத்தேன். அடுத்த நிமிடமே, இருந்து நான் என்னத்தைக் கிழித்தேன் என்றும் நினைத்தேன்.

வாரக் கடைசியில் பெரிய மதர் வந்தார். அவர்கள் சபையின் அத்தனை மடங்களுக்கும் தலைவி. அவர் வருகிறார் என்றதும் தூணையெல்லாம் கழுவினார்கள். சோபாவின் பிளாஸ்டிக்கைக்கூட பிரித்துவிடலாமா என்று ஒரு பேச்சு வந்து, வேண்டாம் என்று முடிவானது. சமையல் சிஸ்டர் பெரிய பாத்திரத்தில் இறைச்சியை வேகவைத்துவிட்டு, "கிளறிட்டே இரு, அடி பிடிச்சுடும்" என்று பொடிசிடம் சொல்லிவிட்டு, மாலையோடு வாசலில் நிற்கப் போய்விட்டார். அப்படியே விருந்தாளியோடு சிற்றாலயத்துக்குள் நுழைந்துவிட்டார்.

மணி அடித்தது.

நான் லேபிலிருந்து போய்ச் சேர்ந்தபோது முதல் வரிசையில் பொடிசு இருந்தாள். எல்லோருக்கும் முன்னால் வந்திருந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை. என்னைப் பார்த்து, பார்த்தீங்களா என்பது போல் தலையை ஆட்டினாள். அந்த முகத்தில் அவ்வளவு சந்தோஷம். பாதி எழுத்தில் பேனாவை வைத்துவிட்டு வந்திருக்கிறாள்.

அன்றைக்குச் செபம் நீண்டது. பெரிய மதர் வந்ததற்கு நன்றிப் பாட்டு, பெரிய மதரின் உடல்நலத்துக்கு ஒரு மன்றாட்டு, பிறகு பெரிய மதரே நாலு வார்த்தை பேசினார், நாலோடு நிறுத்தவில்லை. வாசனை முதலில் நன்றாகத்தான் இருந்தது. பிறகு மாறியது. எல்லார் மூக்கும் வேலை செய்தது, ஒருவர் முழங்காலும் அசையவில்லை. சமையல் சிஸ்டரின் கழுத்து விறைத்துப் போனது, ஆனால் பெரிய மதர் பேசும்போது எழுந்து போவதா? மதர் கண்களை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டார். கதவுக்கடியில் புகை வந்தது. ஒரு வீடு கருகுகிறது, அந்த வீட்டுக்காரர்கள் முழந்தாளில் இருக்கிறார்கள், யாராவது முதலில் எழட்டும் என்று.

நான் எழுந்தேன். காலடிச் சத்தம் கேட்கட்டும் என்றே நடந்தேன். அடுப்பை அணைத்து, ஜன்னலைத் திறந்து, பாத்திரத்தைத் துணியால் பிடித்துக் கீழே இறக்கினேன். அடியில் கரி. கரண்டி பாத்திரத்துக்குள்ளேயே நின்றிருந்தது, பாதிக் கிளறலில்.

செபம் முடிந்து பொடிசு ஓடி வந்தாள். பாத்திரத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"அக்கா, நான் சரியாத்தானே செஞ்சேன்?"

பெரிய மதருக்கு ரொட்டியும் பழமும் வைத்தார்கள். யாரும் சொல்லாமலேயே பொடிசு நடுவில் போய் முழந்தாளிட்டாள்.

"அறிவு வேண்டாமா?" என்றார் மதர். குரல் அப்போதும் உயரவில்லை.

"மணி அடிச்சுது மதர்."

மதர் பெரிய மதரைப் பார்த்து வருத்தமாகப் புன்னகை செய்துவிட்டு, "எல்லாத்தையும் அப்படியே எடுத்துக்கக் கூடாதும்மா. கொஞ்சம் விவேகம் வேணும்," என்றார்.

பால் பொங்கியபோது விவேகத்தோடு அடுப்பை அணைத்துவிட்டு வந்தவளை முட்டி போட வைத்த அதே இடம். அதே தரைக்கல்கூட.

மறுநாள் முற்பகலில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். டீச்சர் உள்ளே போய், அழுது சிவந்த மூக்கோடு சிரித்துக்கொண்டு வந்தாள். அடுத்து பொடிசு போனாள். சீக்கிரமே வந்துவிட்டாள்.

"எனக்கு அழைத்தல் இல்லையாம்க்கா."

"எப்படித் தெரியுமாம்?"

"விவேகம் இல்லையாம். வீட்லயே இருந்து கடையில வேலை செஞ்சுகிட்டு ஆண்டவர நேசிக்கலாம்னாங்க." பையை மடியில் வைத்துக்கொண்டு அதன் வாரைத் தடவினாள். "விவேகம் எப்படி வரும் மதர், வந்தா திரும்ப வரலாமான்னு கேட்டேன். பார்க்கலாம்னாங்க."

அவள் அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

என் முறை வந்தது. பிளாஸ்டிக் சோபாவில் பெரிய மதர், மதர், அழைத்தல் சிஸ்டர், மூன்று பேரும் வரிசையாக இருந்தார்கள். என்னைப் பார்த்ததும் மூன்று முகமும் ஒரே நேரத்தில் மலர்ந்தன. மாடு வாங்க வந்தவர்கள் பல்லைப் பார்த்துத் திருப்தியான மாதிரி. எதிரே இன்னொரு பிளாஸ்டிக் சோபாவில் உட்கார்ந்தேன்.

"உன்கிட்ட அழைத்தல் தெளிவாத் தெரியுதும்மா," என்றார் மதர்.

"எதுல தெரியுது மதர்?"

"உன் சேவை மனப்பான்மைல. ஒரு வாரத்துல அந்த லேப எப்படி நிமிர்த்திட்ட!"

"நான் செபம் பண்ணினதப் பார்த்தீங்களா?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அழைத்தல் சிஸ்டர்தான் சமாளித்தார். "செபமெல்லாம் உள்ள வந்ததும் தானா வரும்மா. பயிற்சிக் காலத்துலயே உன்ன இங்க லேப்ல வச்சுக்கலாம்னு பெரிய மதர் பெரிய மனசு பண்ணியிருக்காங்க. நாளைக்கே கூட ஆரம்பிக்கலாம்."

"எனக்காகத் தினமும் ஒருத்தர் காத்துக்கிட்டு இருக்காரு. அவருக்குப் பதில் சொல்லத்தான் வந்தேன். இந்த ஒரு வாரத்துல அதப் பத்தி யாரும் ஒரு வார்த்தை கேட்கல."

"யாரும்மா காத்துக்கிட்டு இருக்காரு?" என்றார் அழைத்தல் சிஸ்டர், முகம் வெளுத்து.

இவரும் அக்காவும் ஒன்றுதான் என்று அப்போது தெரிந்தது. விளக்கம் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

"அன்னிக்கு பொடிசும் லேட்டு," என்றேன். "நானும் லேட்டு. அவள முட்டி போட வச்சீங்க, என்ன உட்கார வச்சீங்க. நேத்து நீங்க சொன்னத அப்படியே செஞ்சா. அதுக்கு அனுப்பறீங்க. அவ வேற என்னதான் செஞ்சிருக்கணும்?"

"அந்தப் பொண்ணு வேற, நீ வேற."

"எதுல வேற?"

"நீ படிச்ச பொண்ணு. சொன்னா புரிஞ்சுக்குவ."

"எங்கம்மா உங்கள மாதிரி ஒரு மடத்துல துணி துவைச்சவங்க."

மதரின் கண் ஒரு கணம் என் கைகளுக்குப் போய்த் திரும்பியது. அழைத்தல் சிஸ்டர் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துக்கொண்டார். "அடடா! பார்த்தீங்களா மதர், ஆண்டவர் எங்க இருந்து எங்க தூக்கி விட்டிருக்கார்!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னைத் தூக்கிவிட்டவள் இப்போது வீட்டில் முதுகுவலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பாள். உழைத்தது அவள், பெயர் மட்டும் ஆண்டவருக்குப் போகிறது. அவருக்கே அது பிடிக்காது.

பெரிய மதர் முன்னால் குனிந்தார். பிளாஸ்டிக் முனகியது. "மகளே, இந்தக் கோபமும் ஒரு வரம்தான். அத ஆண்டவர்கிட்ட ஒப்படைச்சா..."

மணி அடித்தது.

நடுப்பகல் செபத்துக்கான மணி. மூன்று பேரில் ஒருவரும் எழவில்லை. பெரிய மதர் கையை மட்டும் லேசாக உயர்த்தினார். "பரவாயில்ல, உட்காரு. பேசி முடிச்சுட்டுப் போகலாம்."

"பாதி எழுத்துல பேனாவ வைக்கணும் மதர்," என்றேன். எழுந்தேன். பிளாஸ்டிக் என் தொடையை விட மனமில்லாமல் விட்டது.

வராந்தாவில் பொடிசின் பை கிடந்தது. ஓரமாக வைக்கவில்லை, நடு வழியில் கவிழ்ந்து கிடந்தது, ஒரு சட்டைக் கை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பஸ்ஸுக்குக் கிளம்பியவள், மணி கேட்டதும் கையில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டு ஓடியிருக்கிறாள். உனக்கு அழைத்தல் இல்லை என்று சொல்லி அரைமணி நேரம் ஆகவில்லை.

சிற்றாலயத்தில் அவள் கடைசி வரிசையில் நின்று பாடிக்கொண்டிருந்தாள். உள்ளே நின்று. நான் பக்கத்தில் போய் நின்றேன். பாட்டு முடிந்தது. அந்த அமைதி வந்தது. அவர் இருந்தார், அப்போதும் வைக்காமல்.

சரி, என்றேன். உமக்குத்தான் சொல்கிறேன், இந்த வீட்டுக்கு இல்லை. எங்கே என்று நீர்தான் சொல்ல வேண்டும்.

பதில் வரவில்லை. ஆனால் இந்த முறை காத்திருக்க வேண்டியது நான் என்று புரிந்தது. அதுவும் எரிச்சல்தான், ஆனால் வேறு மாதிரி எரிச்சல்.

பின்வாசல் சமையலறை வழியாகத்தான். அம்மா சொன்னபடி முதல் நாளே பார்த்து வைத்திருந்தேன். தொட்டிக்குப் பக்கத்தில் அந்தப் பாத்திரம் தண்ணீர் ஊற்றி ஊறவைத்தபடி இருந்தது. இனி அதை யார் தேய்ப்பார்கள் என்று தெரியவில்லை. டீச்சர் தேய்க்கமாட்டாள். நான் பொடிசின் பையைத் தூக்கிக்கொண்டேன், அவள் என் பெட்டியைப் பிடித்துக்கொண்டாள், கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்தோம்.

"வேற சபைல மணி இருக்குமாக்கா?"

"எல்லா இடத்துலயும் இருக்கும்."

"அப்ப சரி," என்றாள் நிம்மதியாக.

பின்னால் யாரோ ஓடி வரும் சத்தம். அழைத்தல் சிஸ்டர், அங்கியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க. "ஒரு நிமிஷம்மா! ஒரு நிமிஷம்!"

பொடிசைப் பெட்டியோடு ரோட்டிலேயே நிற்கச் சொல்லிவிட்டு நான் மட்டும் கேட்டுக்குத் திரும்பினேன். எனக்கே ஒரு கணம் இளகியது. மன்னிப்புக் கேட்க வருகிறார் என்று நினைத்துவிட்டேன். பொடிசைத் திரும்பக் கூப்பிட வருகிறார் என்றுகூட.

"லேப் சாவி," என்றார் அவர், கேட்டைப் பிடித்துக்கொண்டு. "உன்கிட்டதானே இருக்கு?"

என் பர்ஸிலிருந்து எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். அவர் எனக்குச் செய்த மாதிரியே விரல்களை மடக்கி மூடிவிட்டேன்.

பஸ் நிறுத்தத்துக்குப் போனதும் பொடிசு கேட்டாள். "எதுக்குக்கா அப்படி ஓடி வந்தாங்க?"

"கூப்பிட வந்தாங்க."

"ஐயோ! அப்ப போயிருக்கலாமே!"

"என்னைய இல்ல," என்றேன். "சாவிய."